மட்டம்

வாலிநோக்கத்தில் மூன்று மணிக்கு நண்டு ஏற்றினால்
என் பிக்கப் வானத்தைப் பார்க்கும்.
ஐஸ் பெட்டி ஆறு, கூடை பதினாலு.
சோறு தின்ற நாய் மாதிரி
பின்பக்கம் குந்திக்கொள்ளும்.
முன்விளக்கு இரண்டும் பனங்கொண்டையில்.
சாலையில் படுத்த மாடு எனக்குத் தெரியாது,
எதிரே வருகிறவனுக்கு எதுவுமே தெரியாது.
என் அம்மாவைத் திட்டுவான்.
ஓட்டுவது பொம்பளை என்று கண்டதும்
இன்னும் இரண்டு சேர்த்துத் திட்டுவான்.

கையில் நாலாயிரம்.
அதில் ஐந்நூறு சீட்டுக்கு.

போனில் தேடினேன், லெவலிங் கிட்.
பதினோராயிரத்து எழுநூறு. ஏழாயிரம்.
படத்து வண்டி எதிலும் சுமை இல்லை.
கழுவித் துடைத்து, மலையடிவாரத்தில்
மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றன.
எங்கள் கரையில் மலை ஏது?
உப்புக் குவியலைத்தான் சொல்லவேண்டும்.

ஒன்று மட்டும் கைக்கு எட்டியது:
முன் ஸ்பிரிங்குக்கு ஒன்றரை இஞ்ச் அலுமினிய வட்டு,
மூவாயிரத்து இருநூறு, கொரியர் இலவசம்.
விரல் பொத்தானுக்கு மேலே போய்விட்டது.
எதற்கும் கேட்போம் என்று கீழக்கரைக்கு அடித்தேன்.

சீனி உதுமான் என்னைவிடப் பத்து வயது சின்னவன்,
வாய் மட்டும் மூத்தது.
"அக்கா, இறங்குறது வாலா மூக்கா?"
"வால்."
"அப்ப மூக்கத் தூக்க எதுக்குக் காசு?
நட்சத்திரத்துக்கு டார்ச் அடிக்கவா?
அதுவும் அலுமினியம். நம்ம உப்புக் காத்துல
இரும்போட சேத்து வச்சா
ஆறு மாசத்துல ரெண்டும் பொருமிக்கிட்டு நிக்கும்."

காலி வண்டியை அளந்தோம்.
மறுநாள் சுமையோடு போய் அளந்தோம்,
ஐஸ் உருகுது உருகுது என்று நான் கத்தக் கத்த.
கதவில் சாக்பீஸில் எழுதினான்:
காலியில் பின்பக்கம் மூன்று விரல் கூடுதல்,
சுமையில் ஐந்து விரல் குறைவு.

இரண்டு எண்ணையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.
எதை நிமிர்த்த வந்தேன்?
தளத்தில் ஐஸ் தண்ணீர்
எப்போதும் போல வால்கதவுக்கு ஓடிச்
சொட்டிக்கொண்டிருந்தது.
கதவின் அடி துருவேறி அப்பளமாகியிருந்தது.
இத்தனை நாள் அதற்குப் பெயின்ட் அடித்தேன்.

பெட்டிகளை ஒரு சாண் முன்னால் தள்ளினோம்.
ஒரு விரல் ஏறியது. செலவு இல்லை.
மீதி நாலு விரலுக்கு மூன்று வழி சொன்னான்.
ரப்பர் கட்டை: மலிவு, ஒரு வெயில் தாங்கும்.
லாரியில் கழற்றிய பழைய பட்டை:
ஆயிரத்து நானூறு,
இங்கே வராவிட்டால் அரிவாளாகியிருக்கும்.
புதுப் பட்டை பக்கத்துக்கு ஒன்று:
இரண்டாயிரத்து அறுநூறு.

"புதுசு போட்டா காலியில திரும்புறப்ப
தூக்கித் தூக்கிப் போடும். இடுப்பு போயிரும்."

மண்டபம் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு எழுபது கிலோமீட்டர்,
தினமும் காலி வண்டி.
என் இடுப்பை ஒரு தட்டில் வைத்தேன்,
அந்த மாட்டை மறு தட்டில்.
பழைய பட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தேன்.
ஓசை நன்றாகத்தான் இருந்தது.
கீழே வைத்துவிட்டேன்.

கூலி, புஷ், யூ போல்ட்டுக்கு எண்ணெய் எல்லாம் சேர்த்து
மூவாயிரத்து நானூறு.
சீட்டுக்கு ஐந்நூறு போக
நூறு ரூபாய்க்கு டீசல்.

காலி வண்டி இப்போது தலை கவிழ்ந்து நிற்கிறது,
அவமானப்பட்டது போல.
பார்ப்பவர்கள் கேட்கிறார்கள்,
ஏன் இப்படி முன்னால் சாய்ந்திருக்கிறது என்று.
ஒவ்வொரு வேகத்தடையிலும் எனக்கும் கேட்கத் தோன்றுகிறது.

முதல் இரவு,
பெரியபட்டினம் தாண்டி,
வெளிச்சம் தார்மேல் விழுந்தது.
கருவேல முள், ஒற்றைச் செருப்பு,
யார் வண்டியிலிருந்தோ விழுந்து நசுங்கிய ஒரு நண்டு.
எதிரே ஒரு லாரி வந்தது.
நெருங்கியது.
அவன் விளக்கை வெட்டவில்லை, ஹாரன் அடிக்கவில்லை,
என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குத்தான் மூவாயிரத்து நானூறு.